கிளைடரில் தொடங்குங்கள்: ரேடியோ விமானம் பழக ஒரு கடலூர் வழிகாட்டி

என் முதல் ரேடியோ விமானம் 11 நொடி பறந்தது. நண்பன் செல்போனில் எடுத்த வீடியோ இன்னும் இருக்கிறது, அதனால்தான் நொடிக் கணக்கு தெரிகிறது. நெல்லிக்குப்பம் பக்கம், கரும்பு வெட்டிய ஒரு கொல்லை. விமானம், உடம்புக்கு அடியில் இறக்கை வைத்த வேக ரகம். பார்க்கப் போர் விமானம் மாதிரி இருக்கிறதே என்று வாங்கியது. தூக்கி எறிந்ததும் சீறிக்கொண்டு போனது. திருப்பினேன், திரும்பி என்னைப் பார்த்து வந்தது. என் இடது கைப் பக்கமாகச் சாய்வது தெரிந்தது. பதறிப்போய் ரிமோட்டின் குச்சியை வலது பக்கம் தள்ளினேன். இன்னும் சாய்ந்தது. இன்னும் தள்ளினேன். பக்கத்துக் கொல்லையில் வெட்டாத கரும்பு நின்றது. அதற்குள் சரக்கென்று போன சத்தம்தான் கேட்டது. இரண்டு மணி நேரம் தேடியதில் கரும்புச் சோகை கீறி கையெல்லாம் எரிந்ததுதான் மிச்சம். மூன்று மாதம் கழித்து வெட்டு நடந்தபோது ஆட்கள் எடுத்துக் கொடுத்தார்கள். ஒயரையெல்லாம் எலி கடித்துப் போட்டிருந்தது.

அப்புறம் ஆறு மாதம் ரிமோட்டைத் தொடவில்லை. மறுபடி ஆரம்பித்தபோது கிளைடரில், அதாவது மோட்டார் ஓடாமலே காற்றில் மிதக்கும் விமானத்தில், ஆரம்பித்தேன். அன்றிலிருந்து நான் போன வழியை, வழியில் செய்த தப்புகளையும் சேர்த்து, வரிசையாகச் சொல்கிறேன்.

ஏன் கிளைடர்

நேரம் கிடைக்கும் என்பதுதான் காரணம். விமானம் சாய்வதைக் கண் பார்த்து, எந்தப் பக்கம் என்று மூளை யோசித்து, விரல் அசைய புதிதாகப் பழகுபவருக்கு ஒரு நொடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 70 கிலோமீட்டரில் போகும் விமானம் அந்த ஒரு நொடியில் சுமார் 20 மீட்டர் போய்விடும். ஃபோம் கிளைடர் ஏழெட்டு மீட்டர் போகும். நீங்கள் தப்பாகத் தள்ளி, தப்பு என்று புரிந்து, சரியாகத் தள்ளுவதற்குள்ளும் அது காற்றில்தான் இருக்கும்.

இன்னொன்று, பழகுவதற்கான கிளைடரின் இறக்கைகள் நுனியில் மேல் நோக்கி வளைந்திருக்கும். ஒரு பக்கம் சாய்ந்தால் அந்த வளைவே விமானத்தை மெல்ல நிமிர்த்திவிடும். குழம்பிப்போனால் குச்சியை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். போதுமான உயரம் இருந்தால் அதுவாகவே சரியாகும். வேக ரகத்தில் இந்தச் சலுகை கிடையாது.

ரைட் சகோதரர்கள்கூட 1900, 1901, 1902 என்று மூன்று வருடம் கிட்டி ஹாக் மணல்மேட்டில் மோட்டார் இல்லாத கிளைடரைத்தான் விட்டுக்கொண்டிருந்தார்கள். முதல் வருடம் பெரும்பாலும் பட்டம் மாதிரிக் கயிறு கட்டி விட்டார்கள். திருப்பவும் இறக்கவும் கை பழகிய பிறகுதான் 1903 டிசம்பரில் இன்ஜின் ஏறியது.

முதல் வாரம்: தெர்மாகோலும் ஒரு ரூபாய்க் காசும்

ரேடியோ வாங்குவதற்கு முன்னால் கையால் எறியும் கிளைடர் ஒன்று செய்யுங்கள். ஸ்டேஷனரி கடையில் மெல்லிய தெர்மாகோல் ஷீட் வாங்குங்கள். இறக்கைக்கு 40 சென்டிமீட்டர் நீளம், 8 அகலம். வால் இறக்கைக்கு 14 நீளம், 5 அகலம். நிற்கும் வாலுக்கு உள்ளங்கையில் பாதி அளவு துண்டு. உடம்புக்குப் பட்டம் கட்டும் மூங்கில் குச்சி ஒன்றரைச் சாண். இறக்கையை நடுவில் லேசாகக் கீறி, இரண்டு நுனியும் தரையிலிருந்து இரண்டு விரல்கடை உயரும்படி மடித்து ஒட்டுங்கள். ஒட்டுவதற்கு ஃபெவிக்கால் போதும், இரவு முழுக்கக் காயட்டும். உடனே ஒட்டும் சூப்பர் க்ளூவைத் தெர்மாகோலில் வைத்தால் உருகிக் குழி விழும். நான் குழி விழவைத்துத்தான் தெரிந்துகொண்டேன்.

இப்போது இறக்கையின் முன் விளிம்பிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் பின்னால், இரண்டு பக்கமும் பேனாவால் புள்ளி வையுங்கள். அந்தப் புள்ளிகளில் இரண்டு ஆள்காட்டி விரலையும் கொடுத்துத் தூக்குங்கள். வால் தொங்கும். மூக்கில் ஒரு ரூபாய்க் காசை டேப் போட்டு ஒட்டுங்கள். இன்னும் வால் தொங்கினால் இன்னொரு காசு. மூக்கு இம்மியளவு கீழே சாய்ந்து மட்டமாக நிற்கும்போது நிறுத்துங்கள்.

காற்றில்லாத காலையில் தெருவிலோ மைதானத்திலோ எறிந்து பாருங்கள். மேல் நோக்கி வீசாமல், ஈட்டி மாதிரி நேராக, 20 மீட்டர் தள்ளித் தரையில் ஒரு புள்ளியைப் பார்த்துத் தள்ள வேண்டும். கிளைடர் மூக்கைத் தூக்கி, ஒரு கணம் திகைத்து நின்று, தொப்பென்று விழுந்தால் வால் கனம். நேராகத் தரையில் குத்தினால் மூக்கு கனம். அந்தத் திகைத்து நிற்றலுக்குத்தான் ‘ஸ்டால்’ என்று பெயர். வேகம் குறைந்து இறக்கை காற்றைத் தாங்க முடியாமல் கைவிடுகிற நேரம் அது. பின்னாளில் உங்கள் விமானங்களில் பாதி அதில்தான் விழப்போகிறது. ஒன்றும் செலவாகாத தெர்மாகோலில் அதை ஐம்பது தடவை பார்த்துவிடுவது நல்லது. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் உங்களுக்கு முன்னால் இதைக் கற்றுக்கொள்வார்கள், பரவாயில்லை.

இரண்டாவது வாரம்: கணினியில் விழுங்கள்

சிமுலேட்டரில் ஒரு வாரம், தினம் அரை மணி நேரம். ‘பிகாசிம்’ கிளைடருக்காகவே செய்யப்பட்ட இலவச சிமுலேட்டர். ஆண்ட்ராய்டு போனிலும் ஓடும், கணினியிலும் ஓடும். காசு கொடுக்கத் தயார் என்றால் ‘ரியல்ஃப்ளைட்’ இருக்கிறது. போன் திரையில் விரலால் பழகுவதைவிட, ரேடியோவை கேபிளில் கணினியோடு இணைத்துப் பழகுவது பத்து மடங்கு மேல்.

அங்கே ஒரே ஒரு பாடம் பழகினால் போதும்: விமானம் உங்களை நோக்கி வரும்போது இடது வலது மாறித் தெரியும். யோசித்து மாற்றிக்கொண்டிருந்தால் என் கரும்புக் கதைதான். இதற்கு ஒரு குறுக்குவழி உண்டு. விமானம் உங்களைப் பார்த்து வரும்போது, எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளுங்கள். தாழ்கிற இறக்கைக்கு முட்டுக் கொடுப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். சாய்கிற பந்தலுக்கு எந்தப் பக்கம் கால் நடுவோம்? அதே பக்கம்தான். என் கைக்கு இது ஏற ஒன்பது நாள் ஆனது.

என்ன வாங்குவது

முதல் விமானத்துக்கு, சுமார் ஒன்றரை மீட்டர் முதல் இரண்டு மீட்டர் வரை இறக்கை நீளமுள்ள மோட்டார் வைத்த ஃபோம் கிளைடர் சரியாக இருக்கும். மோட்டார் மேலே ஏறுவதற்கு மட்டும். ஏறிய பிறகு நிறுத்திவிட்டு வெறும் கிளைடராக ஓட்டுவோம். ஈஸி ஸ்டார், பிக்ஸ்லர், ரேடியன் என்பவை உலகம் முழுக்கப் புதியவர்கள் பழகிய பெயர்கள். முதல் இரண்டிலும் ப்ரொப்பெல்லர் இறக்கைக்குப் பின்னால் இருக்கும். மூக்கு தரையில் குத்தினாலும் ப்ரொப்பெல்லரும் மோட்டார் தண்டும் தப்பிக்கும் என்பதால், முதல் விமானத்துக்கு நான் அந்த அமைப்பைத்தான் சொல்வேன்.

வெளிநாட்டுத் தளத்தில் முழு விமானமாக ஆர்டர் போடும் முன் யோசியுங்கள். முழு டிரோன்களின் இறக்குமதிக்கு மத்திய அரசு 2022 பிப்ரவரியில் தடை போட்டது. உதிரி பாகங்களுக்குத் தடையில்லை. விமானம் டிரோன் அல்ல என்று சுங்கத்தில் நின்று வாதாடுவதைவிட உள்நாட்டு விற்பனையாளரிடம் வாங்குவது நிம்மதி. கை வேலை தெரிந்தவர் என்றால் விளம்பரப் பலகைக்காரர்கள் பயன்படுத்தும் சன்போர்டில் நீங்களே வெட்டிச் செய்யலாம். சர்வோ (வாலை அசைக்கும் குட்டி மோட்டார்), மோட்டார், பேட்டரி எல்லாம் சென்னை ரிச்சி தெருவிலும் ஆன்லைனிலும் கிடைக்கின்றன.

ரேடியோவுக்கு ஃப்ளைஸ்கை ஐ6 போதும். 2.4 கிகாஹெர்ட்ஸ், ஆறு சேனல், நான்கு சாதாரண பென்சில் பேட்டரியில் ஓடும். ‘மோட் 2’ என்று கேட்டு வாங்குங்கள். இடது குச்சியில் த்ராட்டில், அதாவது மோட்டாரின் வேகம், வலது குச்சியில் ஏற்ற இறக்கமும் திருப்பமும். நம்மூரில் பெரும்பாலும் அதைத்தான் ஓட்டுகிறார்கள், நாளைக்கு யாராவது உங்கள் ரேடியோவை வாங்கி விமானத்தைக் காப்பாற்ற வேண்டுமானாலும் அதுதான் வசதி.

பேட்டரி 3எஸ் லிப்போ, அதாவது மூன்று செல் லித்தியம் பாலிமர், 1300 முதல் 2200 எம்ஏஹெச் வரை, உங்கள் விமானத்தின் பெட்டிக்குள் எது அடங்குமோ அது. நிறையச் சார்ஜ் ஏறினால் 12.6 வோல்ட். 1300 பேட்டரிக்கு 1.3 ஆம்பியர், 2200க்கு 2.2 ஆம்பியர் வைத்து சார்ஜ் செய்யுங்கள். சிமெண்ட் தரையில் வைத்து, பக்கத்தில் ஆள் இருக்கும்போது மட்டும். ஒரு வாரம் பறக்கப் போவதில்லை என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் அளவில் வைத்துவிடுங்கள். உப்பிய பேட்டரியை எவ்வளவு விலை கொடுத்து வாங்கியிருந்தாலும் திரும்ப மாட்டாதீர்கள். மே மாத வெயிலில் பூட்டிய காருக்குள் பேட்டரியையும் விடக் கூடாது, விமானத்தையும் விடக் கூடாது. என் இரண்டாவது கிளைடரின் இறக்கை அப்படித்தான் வாழைமட்டை மாதிரி வளைந்தது.

மேசை மேல் செய்யும் வேலை

ப்ரொப்பெல்லரைக் கழற்றி வைத்துவிட்டு ஆரம்பியுங்கள். மோட்டார் எதிர்பாராமல் சுற்றினால் விரல் போகும். எப்போதும் ரேடியோ முதலில் ஆன், விமானம் பிறகு. அணைக்கும்போது விமானம் முதலில்.

கிளைடரில் வால் திருப்பியான ரடரும் ஏற்ற இறக்க எலிவேட்டரும் மட்டும் இருந்து, இறக்கையின் பின் விளிம்பில் அசையும் ஐலரான் இல்லை என்றால், ரடர் சர்வோவை விமானத்துக்குள் சிக்னல் வாங்கும் ரிசீவரில் 4-ஆம் சேனலில் மாட்டாமல் 1-இல் மாட்டுங்கள். அப்போது திருப்பம் வலது குச்சிக்கு வந்துவிடும். நாளைக்கு ஐலரான் உள்ள விமானத்துக்குப் போகும்போது திருப்பும் கை மாறாது. இதைச் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் இடது கையில் திருப்பப் பழகி, பிறகு அதை மறக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

விமானத்தின் வாலுக்குப் பின்னால் நின்று பாருங்கள். குச்சியை வலது தள்ளினால் ரடரின் பின் விளிம்பு வலது போக வேண்டும். குச்சியை உங்கள் பக்கம் இழுத்தால் எலிவேட்டர் மேலே எழ வேண்டும். தலைகீழாக இருந்தால் ரேடியோவில் ‘ரிவர்ஸ்’ போடுங்கள். எலிவேட்டர் மேலும் கீழும் ஒரு சென்டிமீட்டர் அசைந்தால் போதும், ரடர் இரண்டு. ‘எக்ஸ்போ’ 30 சதவீதம் வைத்தால் குச்சியின் நடுப்பகுதி மென்மையாகும். நடுங்கும் விரலுக்கு அது நல்லது. அப்புறம் ‘ஃபெயில்சேஃப்’. சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி நீங்கள்தான் மெனுவுக்குள் போய் வைக்க வேண்டும். வைத்த பிறகு ரேடியோவை அணைத்துப் பார்த்து உறுதி செய்யுங்கள்.

கடைசியாக, பேட்டரியை உள்ளே வைத்த நிலையில் எடை மையம், அதாவது சி.ஜி. தெர்மாகோலில் செய்ததேதான். இறக்கையின் அகலம் 18 சென்டிமீட்டர் என்றால் முன் விளிம்பிலிருந்து சுமார் ஐந்தரையில் விரல் கொடுத்துத் தூக்க வேண்டும். தயாரிப்பாளர் வேறு அளவு கொடுத்திருந்தால் அதையே வைத்துக்கொள்ளுங்கள். பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்திச் சரிசெய்து, அது இருக்கும் இடத்தைப் பெட்டிக்குள் மார்க்கரால் கோடு போட்டு வையுங்கள். களத்தில் அவசரத்தில் வேறு இடத்தில் ஒட்டிவிடுவீர்கள்.

இடமும் காற்றும்

புதுச்சேரிக்காரர்களுக்கு ஒரு வருத்தமான செய்தி. விமான நிலையம் லாஸ்பேட்டையில் இருக்கிறது. 2021 டிரோன் விதிகளின்படி விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 கிலோமீட்டருக்குள் அனுமதியில்லாமல் தரையிலிருந்தே பறக்கவிட முடியாது. அதாவது நகரம் முழுக்கப் போச்சு. 8 முதல் 12 கிலோமீட்டர் வரை 200 அடி உயரம், அதற்கு வெளியே, அனுமதி தேவைப்படாத பச்சை மண்டலத்தில் 400 அடி. பொழுதுபோக்குக்காக, கண் பார்வைக்குள் ஓட்டும் 25 கிலோவுக்கு உட்பட்ட மாடல் விமானங்களும் இந்த விதிகளுக்குள்தான் வருகின்றன. கிளம்பும் முன் மத்திய அரசின் ‘டிஜிட்டல் ஸ்கை’ வான்வெளி வரைபடத்தைத் திறந்து இடத்தின் நிறத்தைப் பாருங்கள். வரைபடம் மாறும், போன மாதம் பார்த்தது போதாது. பெரிய தலைவர்கள் வருகையின்போது போலீஸ் தனியாகத் தடை போடுவதும் உண்டு. பாகூர்ப் பக்கம், அல்லது எல்லை தாண்டிக் கடலூர்ப் பக்கம் வந்துவிடுவது தேவலை.

கடலூரில் முதலில் எல்லோருக்கும் தோன்றுவது சில்வர் பீச். எனக்கும் தோன்றியது. மாலையில் கூட்டம், காலையில் கூட்டம் இல்லை, ஆனால் மணல் இருக்கிறது. நம் கடற்கரை மணலில் கறுப்பாகக் கோடு கோடாக ஒதுங்கும் இரும்புத் தாது மணலை மோட்டாரின் காந்தம் அப்படியே பிடித்துக்கொள்ளும். ஒரு தடவை இறக்கியதற்கு, பல் துலக்கும் பிரஷ்ஷும் ஒட்டும் டேப்பும் வைத்து மோட்டாருக்குள் இருந்து மணல் எடுக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது. உப்புக் காற்று சர்வோவையும் விடாது. கேப்பர் மலைச் சரிவில் காற்று மோதி மேலே எழுமே என்றும் ஆசை வரும். மத்திய சிறை அங்கேதான் இருக்கிறது. சிறைச் சுவருக்குப் பக்கத்தில் பறக்கும் பொருளை விட்டுவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டு நிற்க வேண்டாம்.

நல்ல இடம் என்றால் அறுவடை முடிந்த நெல் வயல்தான். தாள் மெத்தை மாதிரித் தாங்கும். நான்கு பக்கமும் நூறு நூற்றைம்பது மீட்டராவது திறந்திருக்க வேண்டும். நெய்வேலியிலிருந்து வரும் உயரழுத்த மின்கம்பிகள் நம் மாவட்டத்தில் பல இடங்களில் வயலுக்கு மேல் போகின்றன. அவை கண்ணுக்குத் தெரிகிற வயலே வேண்டாம். சவுக்குத் தோப்பும் முந்திரித் தோப்பும் காற்று போகும் திசையில் இருக்கக் கூடாது.

ஆனால் அறுத்த வயல் சும்மா கிடக்கிற வயல் என்று நினைத்துவிடாதீர்கள். இந்தப் பக்கம் சம்பா அறுப்புக்கு முன்பே ஈரத்தில் உளுந்து தெளித்துவிடுவார்கள். தாளுக்கு நடுவே இரண்டு இலை விட்டு முளைத்திருப்பது தூரத்திலிருந்து தெரியாது. விமானத்தை எடுக்க நான் நான்கு தடவை உள்ளே ஓடிய பிறகுதான் வரப்பிலிருந்து குரல் வந்தது: “ஏம்பா, காலுக்குக் கீழ பாத்துத்தான் நடக்கிறியா?” குனிந்து பார்த்தேன். வெட்கமாகப் போயிற்று. அந்தப் பெரியவரிடமே மன்னிப்புக் கேட்டு, விதைக்காத வயல் எது என்று காட்டச் சொல்லி, இன்றுவரை அங்கேதான் ஓட்டுகிறேன். முதலில் கேட்டுவிட்டு இறங்குங்கள். பெரும்பாலும் ‘சரி, விடு’ என்றுதான் சொல்வார்கள்.

காற்றை மீனவர்கள் பெயர் வைத்துச் சொல்வார்கள்: வடக்கே இருந்து வாடை, கிழக்கே இருந்து கொண்டல், தெற்கே இருந்து சோழகம், மேற்கே இருந்து கச்சான். நமக்கு வேண்டியது எதுவும் பலமாக இல்லாத நேரம். தை முதல் சித்திரை வரை காலை ஆறரையிலிருந்து ஒன்பது மணி வரைதான் புதியவருக்கான நேரம். நடுப்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே நுழையும். அதற்குள் மூட்டை கட்டிவிடுங்கள். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும்போது ஃபோம் எம்மாத்திரம்? ஐப்பசி, கார்த்திகையில் வயலில் தண்ணீர் நிற்கும். ஒரு பிடி காய்ந்த புல்லைத் தோள் உயரத்திலிருந்து விடுங்கள். காலடியிலேயே விழுந்தால் பறக்கலாம். நான்கைந்து அடி தள்ளிப் போய் விழுந்தால் அன்றைக்குச் சிமுலேட்டர்.

முதல் நாள்

துணைக்கு ஒருவர் வேண்டும், எறிவதற்கு. உங்கள் இரண்டு கட்டைவிரலும் குச்சியில் இருக்க வேண்டும்.

பேட்டரி இணைத்ததும் வலது, இடது, மேல், கீழ் நான்கையும் மறுபடி அசைத்துப் பாருங்கள். வீட்டில் பார்த்தது கணக்கில் இல்லை. அப்புறம் துணைவர் விமானத்தைப் பிடித்துக்கொண்டு நிற்க, நீங்கள், ரேடியோவில் ரேஞ்ச் சோதனை முறை இருந்தால் அதைப் போட்டு, முப்பது தப்படி நடந்து போய், சர்வோ நடுங்காமல் சொன்னபடி கேட்கிறதா என்று பாருங்கள்.

முதலில் மோட்டார் இல்லாமல் நான்கைந்து எறிதல். காற்றுக்கு எதிராக, மட்டமாக, தெர்மாகோலில் பழகிய அதே வீச்சு. நேராக 25, 30 மீட்டர் மிதந்து போய் வயிற்றில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் ரடர் ட்ரிம்மை, அதாவது குச்சியை ஒட்டிய சிறு பொத்தானை, எதிர்ப் பக்கம் இரண்டு சொடுக்கு நகர்த்துங்கள். மூக்கைத் தூக்கித் திகைத்தால் பேட்டரியைச் சிறிது முன்னே தள்ளுங்கள். இந்த வேலைக்கு முதல் காலை முழுக்கப் போனாலும் நஷ்டமில்லை.

அப்புறம் மோட்டார். த்ராட்டில் முக்கால் பங்கு, துணைவர் மட்டமாகத் தள்ளிவிட வேண்டும். மேல் நோக்கி எறிந்தால் கையை விட்ட அடுத்த நொடியே ஸ்டால். விமானம் தானாகவே ஏறும், குச்சியை இழுக்காதீர்கள். காற்றுக்கு எதிராகவே ஏறவிட்டு, தென்னைமரம் மூன்றின் உயரம், அதாவது 50 மீட்டர் வந்ததும் த்ராட்டிலை முழுக்க இறக்குங்கள். திடீரென்று அமைதியாகும். அந்த அமைதியில் நெஞ்சு அடிப்பது கேட்கும், எல்லோருக்கும் கேட்டதுதான்.

இப்போது ஒன்றும் செய்யாமல் ஐந்து நொடி பாருங்கள். அது தானாகப் பறக்கிறது என்பதை உங்கள் கை நம்ப வேண்டும். பிறகு ரடரைத் தொட்டு விடுங்கள். பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம், தொட்டு விடுவது. மெல்லத் திரும்பும். திரும்பும்போது மூக்கு கொஞ்சம் தாழும், அப்போது எலிவேட்டரைச் சோற்றுக்கு உப்பு போடுகிற அளவு இழுங்கள். கிடைமட்டமாகப் படுத்த எட்டுப் போடுங்கள். காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறதோ அந்தப் பக்கமாகவே வைத்து, ஒவ்வொரு திருப்பத்திலும் விமானம் உங்களைவிட்டு விலகும்படி திருப்புங்கள். தலைக்கு மேலேயோ முதுகுக்குப் பின்னாலேயோ போகவிடாதீர்கள். கிளைடர் காற்றோடு போகும்போது வேகமாகவும் எதிரே வரும்போது நின்றுவிட்டது போலவும் தெரியும். வேகமாகத் தெரிகிறதே என்று குச்சியை இழுத்தால் ஸ்டால் ஆகும். தரையைப் பார்த்துத்தான் கண் ஏமாறுகிறது, விமானத்துக்குக் காற்றில் ஒரே வேகம்தான்.

20 மீட்டருக்குக் கீழே இறங்கிவிட்டால் மோட்டாரைப் போட்டு மறுபடி ஏறுங்கள். ஒரு பேட்டரியில் இப்படிப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓட்டலாம். ஆனால் முதல் நாள் ஐந்து நிமிடத்தோடு இறக்கிவிடுங்கள். கை களைக்கும் முன்பே கவனம் களைத்துவிடும்.

இறக்குவது

கிளைடர் விழாது என்பது மகிழ்ச்சிதான். இறங்கவும் மாட்டேன் என்னும்போதுதான் தொல்லை. தரையை நெருங்கினால் இறக்கைக்கும் தரைக்கும் நடுவே காற்று தாங்கி, இடுப்பு உயரத்தில் வயலின் அந்தக் கோடி வரை வழுக்கிக்கொண்டே போகும். அதனால் நீங்கள் நினைப்பதைவிடத் தாழ்வாக, நினைப்பதைவிடத் தூரத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

உங்களுக்கு ஒரு பக்கமாகக் காற்றோடு கீழே போகவிட்டு, வயலின் கோடி தாண்டியதும் திருப்பி, காற்றுக்கு எதிரே நேராக்குங்கள். கடைசித் திருப்பம் பனைமரத்தில் பாதி உயரத்தில் முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகு பெரிய திருப்பம் கிடையாது. எங்கே போகிறதோ அங்கே இறங்கட்டும். காலடியில் இறக்கிக் காட்ட வேண்டும் என்று கடைசி நொடியில் திருப்பினால் இறக்கை நுனி தரையில் தட்டி விமானம் சக்கரம் சுற்றும். முழங்கால் உயரம் வந்ததும் எலிவேட்டரை மெல்ல மெல்ல இழுங்கள், வேகம் செத்து உட்கார்ந்துவிடும். நூறு மீட்டர் நடந்து போய் எடுத்து வாருங்கள். முதல் மாதம் ரொம்பவே நடப்பீர்கள்.

விழுந்தால்

விழும். ஃபோம் உடைந்தால் ஹாட் க்ளூவும் டேப்பும் போதும். உடைந்த துண்டுகளை ஒன்று விடாமல் பொறுக்குங்கள், பொருத்தி ஒட்டினால் அச்சு மாறாது. ஒட்டிய பிறகு எடை மையத்தைத் திரும்பப் பார்க்க வேண்டும், பசைக்கும் கனம் உண்டு.

மரத்தில் மாட்டினால் கல்லால் அடிக்காதீர்கள். முந்திரி மரத்துக்குத் தொரட்டி போதும், அந்த ஊரில் யார் வீட்டிலும் இருக்கும். சவுக்கில் நுனிக்குப் போய்விட்டால் காற்று அடிக்கும்வரை பொறுத்துப் பாருங்கள், பல நேரம் அதுவே தள்ளிவிடும். பனையில் மாட்டினால் ஏறத் தெரிந்தவரைக் கூலி பேசிக் கூப்பிடுங்கள். மின்கம்பியில் மாட்டினால் அது போனதாகவே வைத்துக்கொண்டு மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். கழியோடு கிட்டே போகவே கூடாது. கரும்புக்குள் போனால், விழுந்த இடத்திலிருந்து கண்ணை எடுக்காமல் அதற்குப் பின்னால் தெரியும் ஒரு மரத்தை அடையாளம் வைத்து நேர்கோட்டில் நடங்கள். ரேடியோ அணைந்ததும் கூவ ஆரம்பிக்கும் சிறிய பஸ்ஸர் ஒன்று கிடைக்கிறது. நூற்றுக்கணக்கில்தான் விலை. முதல் விமானத்தில் அது இருந்திருந்தால் எலிக்குத் தீனி போட்டிருக்க மாட்டேன்.

அடுத்து என்ன

மோட்டாரை நிறுத்திவிட்டுத் தொடர்ந்து பத்து தடவை, ஒரு தென்னந்தோப்பு வரிசை அகலத்துக்குள் சேதமில்லாமல் இறக்கிவிட்டீர்கள் என்றால் ஐலரான் உள்ள விமானம் வாங்கலாம். வாங்காமலே போகவும் கூடும். ஏனென்றால் அதற்குள் ஒரு நாள் தெர்மல், அதாவது மேலே எழும் சூடான காற்று, கிடைத்துவிடும்.

பண்ருட்டிச் சாலையில் உள்ளே தள்ளிய வயல்களில், ஒன்பதரை மணி வாக்கில் வெயில் ஏறி, காய்ந்த வயலும் செங்கல் சூளையும் சூடாகி, காற்று குமிழியாக மேலே கிளம்பும். பருந்து இறக்கை அடிக்காமல் வட்டமிட்டு ஏறுகிறதே, அது அந்தக் குமிழியில்தான். கிளைடர் அதற்குள் நுழைந்தால் ஒரு பக்க இறக்கை தானாக மேலே தள்ளப்படும். அந்தப் பக்கமாகவே திருப்பி அகலமாக வட்டமிடுங்கள். மோட்டார் இல்லாமல் விமானம் ஏறுவதை முதல் தடவை பார்த்தபோது நான் த்ராட்டில் நிஜமாகவே அணைந்திருக்கிறதா என்று இரண்டு தடவை குனிந்து பார்த்தேன். கடற்கரை ஓரம் கடற்காற்று நுழைந்ததும் இந்தக் குமிழிகள் அடங்கிவிடும், அதனால்தான் உள்ளே போகச் சொல்கிறேன்.

ஏறுவதைச் சொல்லித்தருபவர்கள் இறங்குவதைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள். விமானம் சிறுத்துக்கொண்டே போய், எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாத அளவுக்கு வரும் முன்பே வட்டத்தை விட்டு வெளியேறுங்கள். குச்சியை முன்னால் அமுக்கிச் செங்குத்தாகக் குத்தவிடக் கூடாது, ஃபோம் இறக்கை படபடத்து ஒடியும். மூக்கை இலேசாகத் தாழ்த்தி, பருந்து இல்லாத பக்கமாக நேர்கோட்டில் ஓட்டிக்கொண்டே போனால் குமிழியைச் சுற்றி இறங்குகிற காற்று இருக்கும், அது தானே கீழே கொண்டுவந்துவிடும். கறுப்புக் கண்ணாடியும் விளிம்பு வைத்த தொப்பியும் எடுத்துப் போங்கள். சூரியனுக்குக் குறுக்கே விமானம் போகும் அந்த இரண்டு நொடியில்தான் நான் இரண்டாவது கிளைடரைத் தொலைத்தேன்.